கடல் வற்றும்போது தெரியும் புல்வெளி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் புல் என்றால் என்ன? வெட்ட வேண்டியது, பிடுங்க வேண்டியது, மருந்தடித்துக் கருக்க வேண்டியது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு லாலான் காட்டுக்குள் நடந்த பெண்களில் என் தாயாரும் ஒருவர். வேலை முடிந்து வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவர் கையிலிருந்து அந்த வாடை போகாது. அதனால் எங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்ட மாட்டார். கரண்டியால்தான் போடுவார். “புல்லு செத்தாத்தான்டா நமக்குச் சோறு” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான், புல்லுக்குக் காவல் இருக்கும் மனிதர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கேட்டால் உங்களுக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது.

செங்காங்கில் ஒரு விடுமுறை

சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு, சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு செங்காங்கில், பதினான்காவது மாடியில். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் இரயில் ஏறினால், மாறாமல் ஒரே வண்டியில் செங்காங்கில் வந்து இறங்கலாம். ஒரு காலத்தில் மீனவர் கம்பமும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்த பகுதி அது. இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடுக்குமாடி வீடுகள். வட்டாரத்தைச் சுற்றி ஓடும் சிறு இரயிலின் நிலையங்களில் ஒன்றுக்குப் பெயர் ‘தங்கம்’. ஆம், நம் தமிழ்த் தங்கமேதான்! அடுத்த நிலையம் ‘கூப்பாங்’, அதாவது சிப்பி. இன்னொன்று ‘பாக்காவ்’, அதாவது அலையாத்தி மரம். கடல் ஊரை விட்டுத் தள்ளிப் போன பிறகும், பெயர்ப் பலகைகளில் தங்கிவிட்டது.

மாலையில் அக்காள் மகள் என்னை ஆற்றோரப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். அங்கே நீர்த்தேக்கத்தின்மேல் மிதக்கும் ஒரு சதுப்புத் தோட்டம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டில் அமைத்தது. ஏறத்தாழ அரைக் காற்பந்துத் திடல் அளவு இருக்கும். அதில் வளரும் கோரையும் நாணலும் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. மீனும் பறவையும் அங்கே வந்து தங்குகின்றன. பிரமாதம் என்று பாராட்டினேன்.

“இது நாம செஞ்சது மாமா. தானா வந்தது ஒண்ணு இருக்கு. நாளைக்குக் காட்டுறேன். ஆனா அது நாள் முழுக்க இருக்காது. கடல் வத்துற ரெண்டு மணி நேரந்தான்” என்றாள்.

மறுநாள் மதியம் சாங்கி படகுத் துறைக்குப் போனோம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பியது. பத்து நிமிடத்தில் புலாவ் உபின் தீவு. அங்கிருந்து ஒரு வேனில் தீவின் கிழக்கு முனைக்கு. அந்த முனைக்குப் பெயர் செக் ஜாவா.

புல்லுக்கும் பூ உண்டு

கடல்மேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் போய் நின்றபோது தண்ணீர் மெதுவாகப் பின்வாங்கிக் கொண்டிருந்தது. மணல் திட்டு ஒன்று முதுகைக் காட்டியது. பிறகு அதைச் சுற்றிப் பச்சை தெரிந்தது. முதலில் பாசி என்றே நினைத்தேன். அக்காள் மகள் விடவில்லை.

“பாசிக்கு வேர் கிடையாது மாமா. இதுக்கு வேர் இருக்கு, பூ இருக்கு, விதை இருக்கு. இது புல்லு.”

கடற்புல்! வாசகர்களே, இது நிலத்துச் செடிகளைப் போலவே பூத்துக் காய்க்கும் செடி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்திலிருந்து கடலுக்குக் குடிபெயர்ந்த செடிகளின் வழித்தோன்றல். நம் முன்னோர்கள் கப்பல் ஏறியது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். சிங்கப்பூர்க் கரைகளில் மட்டும் 12 வகைகள் உண்டு. சிறு கரண்டியைப் போல இலை உள்ளது ஒன்று. ஊசி நூலைப் போல மெலிந்தது ஒன்று. நாடாவைப் போல நீண்டு, ஒரு மீட்டரையும் தாண்டி வளர்வது இன்னொன்று.

இந்த நாடாப் புல் பூக்கும் விதத்தைக் கேளுங்கள். ஆண் பூக்கள் வெள்ளை வெளேரென்று நுரைத்துளி அளவே இருக்கும். கடல் நன்றாக வற்றும் நாளில் அவை செடியை விட்டுக் கழன்று, தண்ணீர்மேல் மிதந்து போகும். பெண் பூ நீண்ட காம்பில் மேலெழுந்து நீர்மட்டத்தில் காத்திருக்கும். வண்டும் இல்லை, தேனீயும் இல்லை. கடலே நடத்தி வைக்கும் கல்யாணம் அது.

கரையிலும் பூக்களுக்குக் குறைவில்லை. பாறை ஓரத்தில் நிற்கும் ஒரு மரத்தை மலாய்க்காரர்கள் ‘டெலேக் ஆயர்’ என்கிறார்கள். அது நம் காயா மரத்தின் உறவு. கண்ணனுக்குக் காயாம்பூ வண்ணன் என்று பேர் சொல்லுகிறோமே, அந்தக் காயாவின் இனம். சிங்கப்பூரின் மணல் கரைகளில் ஆட்டுக் குளம்பைப் போன்ற இலையும் ஊதாப் பூவுமாகப் படரும் கொடிதான் அடும்பு. நெய்தல் நிலத்துப் பூ என்று சங்கப் புலவர்கள் பாடி வைத்த அதே அடும்பு. நம் தமிழ்ப் பெயர்கள் இங்கே நமக்கு முன்பே வந்து காத்திருப்பதைப் போல இருந்தது.

சரி, இந்தப் புல்லால் என்ன பயன் என்று கேட்பீர்கள். மலைச்சரிவில் புதுக் கன்று நடும்போது மண் அரித்துப் போகாமலிருக்க மூடுபயிர் போடுகிறோம் அல்லவா? கடலடி மணலுக்குக் கடற்புல்தான் மூடுபயிர். அதன் வேர்ப்பின்னல் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. இலைகளுக்கிடையே இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. நாம் சந்தையில் வாங்கும் மீனில் பல, சிறு வயதில் இப்படிப்பட்ட புல்வெளியில் தொட்டில் ஆடியவையே. உலகக் கடலடியில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில்தான் கடற்புல் இருக்கிறது. ஆனால் கடலடியில் ஆண்டுதோறும் புதையும் கரியில் ஏறத்தாழ 10 விழுக்காடு இதன் பங்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கடல்பசு என்னும் பெரிய விலங்கு இதையே மேய்ந்து உயிர் வாழ்கிறது. செக் ஜாவாவிலும் அது மேய்ந்து போன தடங்களைக் கண்டிருக்கிறார்கள்.

மண் கொட்ட இருந்த இடம்

இவ்வளவும் இன்று இல்லாமல் போயிருக்க வேண்டியது. சிங்கப்பூர் சிறிய நாடு. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நிலப்பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. வளர்ந்த நிலம் முழுவதும் கடலைத் தூர்த்து எடுத்ததே. செக் ஜாவாவையும் தூர்ப்பதற்குத் திட்டம் இருந்தது. 2001ஆம் ஆண்டு இறுதியில் வேலை தொடங்க வேண்டும்.

2000 டிசம்பரில் ஜோசப் லாய் என்ற தாவரவியலாளர் மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போனார். கடல் வற்றியபோது அவர்கள் கண்ட காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது. அலையாத்திக் காடு, மணல் கரை, பாறைக் கரை, கடற்புல் வெளி, பவளத் துண்டுத் திட்டு, கரையோரக் காடு ஆகிய ஆறு வகை வாழிடங்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. விண்மீன்களும் கடற்குதிரைகளும் கடற்சாமந்திகளும் காலடியில் கிடந்தன.

அடுத்து நடந்ததை நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். யாரும் கல்லெறியவில்லை, கத்தவில்லை. பார்த்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அரும்பொருளகத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் உயிரினங்களைப் பட்டியலிட்டார்கள். பல் மருத்துவரான சுவா ஈ கியாம் படம் படமாக எடுத்தார். அவை 2002இல் ஒரு நூலாகவே வந்தன. நூற்றுக்கணக்கான பொதுமக்கள் குழந்தை குட்டிகளோடு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் செய்தித்தாள்களுக்கும் அமைச்சுக்கும் கடிதம் எழுதினார்கள். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அறிக்கை கொடுத்தது. மண் கொட்டும் நாள் நெருங்கி விட்ட நிலையில், 2001 டிசம்பரில், திட்டத்தை ஒத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது.

ஒத்திவைப்பு என்ற சொல்லைக் கவனித்தீர்களா? தீவு வளர்ச்சித் தேவைக்கு வேண்டப்படாத வரை செக் ஜாவாவைத் தொடுவதில்லை என்பதுதான் முடிவு. அது விடுதலையன்று, தவணை. தவணையில் வாழ்வது என்னவென்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 2007இல் மரப்பாலம் திறக்கப்பட்டது. மக்கள் தொடர்ந்து வருகிறார்கள். வருகிறவர்கள் இருக்கும் வரை கரைக்கும் கேட்பார் உண்டு.

ஐந்தாம் ஆண்டுக் கணக்கு

2006-2007 வாக்கில் சித்தி மரியம் யாக்குப் என்ற கடற்புல் ஆய்வாளரும், கரையோரங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் ரியா டானும் பிறரும் சேர்ந்து ‘டீம் சீகிராஸ்’ என்னும் தொண்டர் அணியைத் தொடங்கினார்கள். தேசியப் பூங்காக் கழகம் துணை நிற்கிறது. மாணவர்கள், அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பல தரப்பினரும் வருகிறார்கள். சம்பளம் கிடையாது. கடல் வற்றும் நேரம் சில மாதங்களில் விடியுமுன்பே வரும். அப்போது மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் எழுந்து போக வேண்டும். அக்காள் மகளும் இந்த வேலைக்குப் போய் வருகிறவள்தான்.

வேலை என்னவென்று கேட்டேன். என் போன்ற வாத்தியாருக்கு மிகவும் பிடித்த பதில் கிடைத்தது. 50 மீட்டர் நீளத்துக்கு அளவு நாடாவை நேராக விரிக்க வேண்டும். இப்படி மூன்று கோடுகள். ஒவ்வொரு 5 மீட்டருக்கும், அரை மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டத்தை வைக்க வேண்டும். சட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு புல், என்ன வகை, இலை எவ்வளவு உயரம், பாசி எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு கோட்டுக்கு 11 சட்டம், மூன்று கோட்டுக்கு 33. 1998இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தொடங்கிய முறை இது. பல நாடுகளில் ஒரே மாதிரி எண்ணுவதால் ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது.

நம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் படிக்கும் விழுக்காட்டுக் கணக்கைத் தாண்டி இதில் ஒன்றுமில்லை! ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாமல் எண்ண வேண்டும். அங்கேதான் அருமை இருக்கிறது.

ஜொகூர் மழையும் செக் ஜாவாவும்

நம்மூர்க்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருவெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கோத்தா திங்கி மூழ்கியது. தோட்டத்து மக்கள் பலர் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கினார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போனது?

ஜொகூர் ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது. ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில்தான் புலாவ் உபின் இருக்கிறது. நல்ல தண்ணீர் வந்து கலந்ததால் கடலின் உப்புக் குறைந்தது. 2007 தொடக்கத்தில் செக் ஜாவாவில் விண்மீன்களும் கடற்சாமந்திகளும் பஞ்சுயிரிகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. உப்புக் குறைந்ததே காரணமாக இருக்க வேண்டும் என்று ஆய்ந்தவர்கள் கருதினார்கள். தொண்டர்கள் செத்ததையும் எண்ணினார்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததையும் எண்ணினார்கள்.

இதைக் கேட்டபோது நான் மரப்பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்கெதிரே தெரிவது என் மாநிலம். நம் தோட்டத்து வாய்க்காலில் ஓடும் மழைத் தண்ணீர், அரித்த மண்ணோடும் மிஞ்சிய உரத்தோடும் எங்கோ ஒரு கடலில் போய்த்தான் விழுகிறது. கலங்கிய தண்ணீரில் வெயில் இறங்காது. வெயில் இல்லாமல் கடற்புல் வளராது. வாய்க்காலுக்கும் கடலுக்கும் இடையே வேலி கிடையாது.

நம்மவர்களும் செய்கிறார்கள்

சிங்கப்பூரில் பணம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, அதனால் செய்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நம் ஜொகூரிலேயே, கேலாங் பாத்தா பக்கம் கம்போங் பாசிர் பூத்தே என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. 2008இல் செரினா ரஹ்மான் என்பவரும் கிராமத்தாரும் ‘கெலாப் அலாமி’ என்ற மன்றத்தைத் தொடங்கினார்கள். மீனவர் பிள்ளைகள் தங்கள் கடற்புல் வெளியைத் தாங்களே அளந்து குறித்தார்கள். 2014இல் அக்கரையோரத்தில் பெரிய நிலமீட்பு வேலை வந்தபோது, அங்கே என்ன இருந்தது என்று சொல்வதற்கு அந்தக் கிராமத்துப் பிள்ளைகளிடம் கணக்கு இருந்தது.

தாய்த்தமிழகத்தில் பாக் விரிகுடாவைப் பாருங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்காக அமைந்த முதல் பாதுகாப்பகம் அதுதான். அங்கே ஆவுளியா என்று அழைக்கப்படும் அந்த விலங்கு வலையில் சிக்கினால், வலை போனாலும் போகட்டும் என்று அறுத்துக் கடலில் விடுகிற மீனவர்கள் இருக்கிறார்கள். வலை என்பது மீனவனுக்குச் சோறு. மார்ச் 1ஆம் தேதி உலகக் கடற்புல் நாளாக இருப்பதும் நமக்குப் பக்கத்து வீட்டுச் செய்திதான். ஐக்கிய நாடுகள் சபையில் 2022இல் அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்தது இலங்கை.

என் தவறு

இனி என் கதைக்கு வருகிறேன். நான் பிறந்த தோட்டம் இன்று இல்லை. வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயத்துக்குப் பின்னால் ஒரு சிற்றாறு ஓடியது. அதன் கரையில் என்னென்ன முளைத்தது, எந்த மீன் ஏறியது, எந்தப் பறவை வந்தது என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. செக் ஜாவாவுக்காகப் பேச ஒரு பட்டியல் இருந்தது. எங்கள் ஆற்றுக்காகப் பேச எதுவுமே இல்லை. நாங்களும் ஓர் இடத்தில் வாழ்ந்தோம் என்பதற்கு ஞாபகம் மட்டுந்தான் சாட்சி. ஞாபகம் உள்ளவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அது போகட்டும். இப்போது நான் வேலை பார்க்கும் தோட்டப் பள்ளிக்குப் பின்னாலும் ஓர் ஓடை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெரியவர்கள் சிலர் பள்ளிக்கு வருகை தரவிருந்தார்கள். கூட்டுப்பணிக்குப் பொறுப்பாளன் நான். கரை புதராகக் கிடக்கிறதே என்று ஆள் வைத்து மருந்தடிக்கச் செய்தேன். மூன்றாம் நாள் கரை முழுதும் காய்ந்து பழுப்பாகிப் பார்வைக்குச் ‘சுத்தமாக’ இருந்தது. அடுத்த மழையில் கரை சரிந்தது. ஓடை தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. ஒரு பிள்ளை என்னிடம் வந்து, “சார், இங்க இருந்த குட்டி மீனெல்லாம் எங்க சார்?” என்று கேட்டது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இன்று வரை சொல்லவில்லை.

செங்காங்கிலிருந்து திரும்பியதும், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக்கொண்டு தண்ணீர்க் குழாய்த் துண்டுகளில் அரை மீட்டர்ச் சட்டம் ஒன்று செய்தேன். ஓடைக் கரையில் பத்து இடங்களைக் குச்சி நட்டுக் குறித்தோம். மாதம் ஒரு முறை சட்டத்தை வைத்து எண்ணுகிறோம். முதல் நாளே சிக்கல் வந்தது. செடிகளுக்குப் பெயர் தெரியவில்லை. பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, வாத்தியாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொன்றிலும் ஒரு கொத்துப் பறித்துப் பழைய நோட்டில் வைத்து, சனிக்கிழமை பிள்ளைகளை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் தாயார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வல்லாரை என்றார். பொன்னாங்கண்ணி என்றார். கோரை, அருகு, கீழாநெல்லி, தொட்டாற்சிணுங்கி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எது ஈரத்தில் முளைக்கும், எது மருந்துக்குச் சாகாது, எதை ஆடு தின்னாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பதினேழு செடிகளில் பதினைந்துக்குப் பெயர் சொன்னார்.

“இவ்வளவும் எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டேன்.

“இருபத்தாறு வருசம் இதுங்களத்தானே சாகடிச்சேன். பேரு தெரியாமலா?” என்றார்.

அவர் அந்த வேலையில் முதுகில் சுமந்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டை நம் நாடு 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது. அவருடைய நகங்கள் மட்டும் இன்னும் பழையபடி ஆகவில்லை.

அன்பு வாசகர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. உங்கள் லயத்துக்குப் பின்னாலும், வீட்டுவசதிக் குடியிருப்பின் ஓரத்திலும் ஒரு வாய்க்காலோ குட்டையோ புல்தரையோ இருக்கும். ஒரு சதுரத்தைக் குறியுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் பாட்டியைக் கேளுங்கள்; தாத்தாவைக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நாளைக்கு யாராவது வந்து “இங்கே ஒன்றுமே இல்லையே” என்று சொன்னால், அந்த நோட்டை எடுத்து நீட்டலாம்.

எங்கள் பள்ளி நோட்டில் பெயர் தெரியாத இரண்டு செடிகளுக்கு நேரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் குட்டி மீன்களுக்கென்றும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. சென்ற மாதம் அதில் ஒரு பிள்ளை எழுதிய வரி இது: “இன்று மூன்று பார்த்தோம்.”